ஏழாவது ஆரக்கால்

அம்பத்தூர் எஸ்டேட்டில், கமலம் வால்வ்ஸ் கம்பெனியின் வரவேற்பறையில் ஒரு மர பெஞ்சு உண்டு. மூன்று பேருக்காகச் செய்தது. அன்று காலை அதில் நீலச் சட்டை போட்ட ஏழு பேர் இருந்தார்கள். இரண்டு ஓரத்திலும் இருந்தவர்கள் செய்துகொண்டிருந்ததை உட்காருதல் என்று சொல்ல முடியாது. பெஞ்சு நகர்ந்துவிடாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணிக்கு வரச் சொன்ன எச்.ஆர். அறை பதினொன்றரைக்குத்தான் திறந்தது. அதற்குள் பால்ராஜ் இரண்டு முறை தூங்கி, ஒரு கனவும் கண்டு முடித்திருந்தார்.

ஜெகதீசன் தூங்கவில்லை. மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஐந்து அடையாள அட்டைகள்.

விஷயம் இதுதான். கம்பெனி ஒரகடத்துக்குக் குடிபோகிறது. பத்து வருடம் இடைவிடாமல் வேலை பார்த்தவர் யாராக இருந்தாலும், கான்ட்ராக்ட் ஆளாகவே இருந்தாலும், புது இடத்தில் வேலை உண்டு. மற்றவர்களுக்கு ஜூலை முப்பத்தொன்றோடு சரி. ஆதாரம் காட்ட வேண்டும். ஜெகதீசன் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் மீசை கருப்பு. வாசலில் இருந்த தூங்குமூஞ்சி மரம் அவர் இடுப்பு உயரம். இப்போது அந்த மரத்து நிழலில் இரண்டு லாரி நிற்கிறது. பத்தொன்பது வருடத்தில் ஐந்து கான்ட்ராக்டர்கள் மாறினார்கள். ஆள் மாறும்போதெல்லாம் புது அட்டை, சேர்ந்த தேதியும் புதுசு. முதல் மூன்று பேர் அட்டையில் தேதியே போடவில்லை. நாலாமவர் போட்டது மழையில் அழிந்துபோயிற்று. காகிதப்படி அந்தக் கம்பெனியில் ஜெகதீசனுக்கு வயது இரண்டரை.

"அங்கிள், பழைய பி.எஃப். நம்பர் எதாச்சும்?" என்று அறை வாசலில் நின்றே கேட்டாள் சிம்ரன். எச்.ஆரில் சேர்ந்து ஒரு வருடம் ஆன பெண். ஆவடியிலிருந்து ரயிலில் வருபவள்.

"மொத மூணு பேரு சம்பளத்த கையிலதாம்மா குடுத்தாங்க. அவுங்க கம்பெனியே இப்ப இல்ல. ஒருத்தரு ஆளே இல்ல."

"போட்டோ இருந்தாகூட பாக்கலாம்னு சார் சொன்னாரு. கம்பெனிக்குள்ள எடுத்ததா இருக்கணும். தேதி தெரியணும்."

"கேட்லயே போன வாங்கி டப்பால போட்டுடுறாங்களேம்மா. அம்மிக்கல்லா இருந்தாகூட உள்ள எடுத்துகினு வந்துடலாம், போன் எடுத்தாற முடியாது."

அப்போதுதான் பால்ராஜ் மூன்றாவது முறை தூங்குவதற்காகத் தலையைப் பின்னால் சாய்த்தார். சாய்த்தவர் நிமிரவில்லை.

"மச்சான்," என்றார், "மேல பாரு. இதுல கீறோமே நம்ம."

பெஞ்சுக்கு மேலே, எட்டடி அகலக் கண்ணாடிச் சட்டத்தில் தேசியக் கொடி. துணியில்லை, ஆட்கள். தண்ணீர்த் தொட்டி மேலிருந்து எடுத்த படம். லாரி முற்றம் நிறைய காவி அட்டை பிடித்தவர்கள், வெள்ளை அட்டை, பச்சை அட்டை. நடுவில் நீலச் சக்கரம். மூலையில் தங்க எழுத்தில் 15.08.2012. பதின்மூன்று வருடமாக அதன் கீழே வருகிறவர்கள் எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறார்கள்.

சிம்ரன் வெளியே வந்து பார்த்தாள். "இதுல நீங்க எங்க அங்கிள்?"

ஜெகதீசன் பெஞ்சின் மேல் ஏறினார். "உச்சில இருக்கிறது ஒண்ணு. அப்டியே வலது கைப் பக்கமா எண்ணிகினே வாம்மா. இதோ, ஏழாவது ஆரக்கால். ஆரக்காலுக்கு ரெண்டு பேரு. வெளி ஆளு நானு."

அவர் விரல் வைத்த இடத்தில் ஒரு நீலக் கோடு. விரல் நீளம் இருக்கும்.

"இது… முதுகுதானே அங்கிள்?"

"ஆமா. என் முதுகு."

"அதுக்கு முன்னாடி கீறது என் முதுகும்மா," என்றார் பால்ராஜ், ஏதோ சொத்தைக் காட்டுகிற மாதிரி.

சிம்ரன் சிரிக்கப் பார்த்து, அவர்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "முதுக வச்சு நான் எப்படி அங்கிள் எழுதறது? யார் எங்க நின்னாங்கன்னு லிஸ்ட் எதாவது இருந்தா கொண்டு வாங்க."

லிஸ்ட் இருந்தது. சேக்காட்டில், உலகநாதன் வீட்டில்.

*

உலகநாதன் கமலம் வால்வ்ஸில் மார்க்கிங் பிரிவில் முப்பத்து நாலு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். நிரந்தரத் தொழிலாளி. இரும்பில் எங்கே வெட்ட வேண்டும், எங்கே துளைக்க வேண்டும் என்று கோடு கிழித்துக் கொடுப்பது அவர் வேலை. பந்தக்கால் நடக் குழி தோண்டச் சொன்னாலும் வெர்னியர் அளவுகோல் கேட்பார். பெண் பார்க்கப் போனபோது வேம்புலியம்மாளின் வீட்டு வாசற்படி மூன்று மில்லிமீட்டர் சரிந்திருப்பதாகச் சொல்லி, மாமனாரிடம் அரை மணி நேரம் பேச்சு வாங்கியவர்.

ஞாயிற்றுக்கிழமை ஜெகதீசனும் பால்ராஜும் ஆவடி ஸ்டேஷனில் இறங்கி, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு நடந்தே போனார்கள். வேம்புலியம்மாள்தான் கதவைத் திறந்தாள்.

"அடடே, சக்கரம் ரெண்டும் உருண்டுகினு வருது! வாங்கப்பா. அந்த மனுசன் உள்ளதான் கீறாரு. அளந்துகினு கீறாரு."

"இன்னா அளக்கறாரு?"

"தோசைய. நேத்து சுட்டதவிட இன்னிக்கி சின்னதாம்."

உலகநாதன் அவர்களைக் கண்டதும் எழுந்து கட்டிக்கொண்டார். வந்த காரியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு அந்த ஆகஸ்ட் பதினைந்து வந்துவிட்டது. காபி வந்தது, ஆறியது, மறுபடி சுட வைத்து வந்தது.

ஆவடிப் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மனிதக் கொடி நின்று, படம் பேப்பரில் வந்திருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து அப்போதிருந்த முதலாளிக்குத் தூக்கம் இல்லை. உலகநாதனைக் கூப்பிட்டு, நீதான் வரைய வேண்டும் என்றார். உலகநாதன் கொடியின் அளவை எங்கிருந்தோ தேடிப் பிடித்தார். அகலம் மூன்று பங்கு, உயரம் இரண்டு பங்கு. தொள்ளாயிரம் மில்லிமீட்டருக்கு அறுநூறு என்றால் சக்கரத்தின் குறுக்களவு நூற்று எண்பத்தைந்து. இரண்டு ராத்திரி யோசித்து அதை அடிக்கு மாற்றினார்: தொண்ணூறுக்கு அறுபது, சக்கரம் பதினெட்டரை.

"பதினெட்டுன்னு வச்சிக்கலாம்னு முதலாளி கெஞ்சனாரு," என்றார் உலகநாதன். "அரை அடிதானேப்பா, யாருக்குத் தெரியப் போவுதுன்னாரு. சார், அரை அடி போனா அது வேற நாட்டுக் கொடின்னேன்."

காவிக்கும் பச்சைக்கும் நிரந்தரத் தொழிலாளிகள், குடும்பத்தோடு. வெள்ளைக்கு ஆபீஸ்காரர்கள். சக்கரத்துக்கு நீலம் வேண்டும். கான்ட்ராக்ட் ஆட்களின் யூனிஃபார்மே நீலம் என்பதால் கம்பெனிக்கு அந்த அட்டைச் செலவு மிச்சம்.

நின்றால் தலை மட்டும் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். குனிந்தால் முதுகு ஒரு கோடு. இரண்டு முதுகு ஒன்றன் பின் ஒன்றாகக் குனிந்தால் ஒரு ஆரக்கால். இதைக் கண்டுபிடித்த ராத்திரி உலகநாதன் எழுந்து உட்கார்ந்து தனியாகச் சிரித்ததில், வேம்புலியம்மாள் திருநீறு எடுத்து வந்துவிட்டாள். நடுவில் அச்சுக்கு ஒரே ஆள் போதும், ஆனால் அகலமான ஆள். கேன்டீன் மாஸ்டர் கோவிந்தனை டேப் வைத்து அளந்து எடுத்தார்கள். கால் அங்குலம் கூடுதல். அன்று காலை டிபன் போட வேண்டாம் என்று சொல்லி அளவைச் சரி செய்தார்கள்.

"மச்சான் தல எங்க இருந்துச்சி தெரியுமாண்ணே?" என்றார் பால்ராஜ். "தல உள்பக்கம், இடுப்பு வெளிப்பக்கம்னு நீதானே சொன்னே. நான் உள் ஆளு. என் பின்னாடி இவன்."

"மொத நாளு இவன் ஊட்ல மொச்சக்கொட்ட கொழம்பு," என்றார் ஜெகதீசன், முகத்தில் ஒன்றும் காட்டாமல். "இருபது நிமிசம். நாட்டுக்காகப் பொறுத்துகினேன்."

வேம்புலியம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

"தலமுடி கறுப்பா தெரியக் கூடாதுன்னு துண்ட சொட்டு நீலத்துல முக்கிக் குடுத்தியேண்ணே," என்றார் ஜெகதீசன். "வேர்வைல எறங்கி மூஞ்சியெல்லாம் நீலம். மூணு நாளு போவல. நான் ஊட்டுக்குப் போறேன், எதிர்ல வந்த கிழவி ஒண்ணு கன்னத்துல போட்டுகினு கும்புடுது. நாலணா போட்டுட்டுப் போச்சு."

"நாலணா அப்ப செல்லாதேடா."

"அதான் என்கிட்ட போட்டுச்சி."

மூவரும் சிரித்து ஓய்ந்தார்கள். முதலாளி அன்று மைக்கில் பேசியதை உலகநாதன் அவர் குரலிலேயே பேசிக் காட்டினார். காவி தியாகம், வெள்ளை அமைதி, பச்சை செழிப்பு. சக்கரம் ஓயாத உழைப்பு, அது ஒரு நாளும் நிற்கக் கூடாது. படம் எடுத்து முடிந்ததும் சிறப்பு விருந்தினராக வந்த அதிகாரி, இதை வரைந்தவர் யார் என்று கேட்டு, உலகநாதனிடம் அர்த்தம் கேட்டார்.

"நான் சொன்னேன். மூணு பட்டையும் மூணு ஷிஃப்டு சார். காவி வந்து விடியக்கால ஷிஃப்டு. வெள்ள, பட்டப்பகல். பச்ச, நைட் ஷிஃப்டு பாத்துட்டு ஊட்டுக்குப் போறவன் மூஞ்சி. ஷிஃப்டுக்கு எட்டு மணி நேரம். மூவெட்டு இருபத்தி நாலு. எண்ணிக்கோங்க, ஆரக்கால் இருபத்தி நாலு. இத வரைஞ்சவரு கண்டிப்பா எதனா ஒரு மில்லுல டைம் ஆபீஸ்ல இருந்திருப்பாருன்னேன்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"நோட்டுல எழுதிகினாரு."

பிறகு ஸ்டூல் போட்டு, பரணிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்தார். உள்ளே சுருட்டி வைத்த வரைபடம். தரையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தார்கள்.

அழகு என்றால் அப்படி ஓர் அழகு. பென்சில் கோடு ஒன்றுகூடப் பிசகவில்லை. காவிப் பட்டையில் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எறும்பு எழுத்தில் பெயர். டோக்கன் 214, ஜெயராமன், மனைவி கலைவாணி, பிள்ளைகள் இருவர். டோக்கன் 215. டோக்கன் 216, மாமியாருடன். வெள்ளையில் ஆபீஸ்காரர்கள், பதவியோடு. பச்சையில் ஒரு கைக்குழந்தையின் பெயர்கூட இருந்தது. வயது ஏழு மாதம் என்று அடைப்புக்குறிக்குள்.

நடுவில் சக்கரம். காம்பஸ் ஊன்றிய துளை. இருபத்து நாலு கோடுகள், பதினைந்து பதினைந்து டிகிரியில். பக்கத்தில் ஒரு குறிப்பு: கான்ட்ராக்ட் — 49.

ஜெகதீசன் ஏழாவது கோட்டைக் கண்டுபிடித்தார். அதன் மேல் விரல் வைத்தார். கோடுதான் இருந்தது.

வேம்புலியம்மாள்தான் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஜெயராமன் மாமியாரு வரைக்கும் எழுதி வச்சிகீறே. இவங்க பேரு எங்கய்யா?"

உலகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுப் பார்த்தார். "மொத நாளு சாயங்காலம் வரைக்கும் யாரு வருவாங்கன்னு கான்ட்ராக்டரு சொல்லலடி. நாப்பத்தொம்போது உருப்படி அனுப்பறேன்னான். நானும்…" என்றவர் காம்பஸ் துளையின் மேல் விரல் வைத்தார். "நானும் உருப்படின்னுதான் கணக்கு வச்சேன்," என்றார்.

"உடுண்ணே," என்றார் ஜெகதீசன். "உனக்கு இன்னா தெரியும், பதிமூணு வருசம் கழிச்சி இப்டி கேப்பாங்கன்னு."

உலகநாதன் பென்சிலை எடுத்துச் சீவினார். "சொல்லு. ஏழு, வெளி ஆளு ஜெகதீசன். ஏழு, உள் ஆளு பால்ராஜ். எட்டு யாரு?"

மத்தியானச் சாப்பாடு வரை சொன்னார்கள். எட்டில் சூளைக்காரன் மகன், இப்போது பாடியில் ஆட்டோ ஓட்டுகிறான். பதினொன்றில் உள்ளே நின்றவன் அடுத்த மாதமே பிரஸ் மெஷினில் இரண்டு விரலைப் பறிகொடுத்தான். பதிமூன்றில் வெளி ஆள் பெருக்குகிற எல்லம்மா. புடவை மேல் நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு, நாற்பத்தெட்டு ஆம்பிளைக்கு நடுவில் ஒரே பொம்பளை, குனியும்போது ஒருத்தரையும் பின்னால் நிற்க விடமாட்டேன் என்று சண்டை போட்டு வெளி இடத்தை வாங்கினாள். பதினெட்டில் ஒரு ஒடிசாக்காரன். வந்து ஒரே வாரம்தான். பெயர் யாருக்கும் நினைவில்லை. நன்றாகப் பாடுவான் என்பது மட்டும் மூவருக்கும் நினைவிருந்தது. உலகநாதன் அந்த இடத்தில் 'நன்றாகப் பாடுவான்' என்றே எழுதினார், அதே எறும்பு எழுத்தில். சாயங்காலம் ஆனபோது சக்கரத்தில் நாற்பத்தாறு பெயர் சேர்ந்திருந்தது.

*

எச்.ஆர். மேலாளர் வரைபடத்தை மேசை மேல் விரித்து வெகு நேரம் பார்த்தார். விரல் நுனியால் சக்கரத்தைத் தடவினார். விரலில் பென்சில் கரி ஒட்டியது.

"மத்ததெல்லாம் பழசு. இது புதுசா எழுதியிருக்கே?"

"ஆமா சார்," என்றார் ஜெகதீசன். "போன ஞாயித்துக்கெழம."

சிம்ரன் தலையைக் குனிந்துகொண்டாள். பால்ராஜ் ஜெகதீசனின் காலை மிதித்தார், அதற்குள் சொல்லியாகிவிட்டது.

"அப்ப இத ஆதாரமா எடுத்துக்க முடியாதே," என்றார் மேலாளர். கோபமெல்லாம் இல்லை. உண்மையிலேயே வருத்தப்படுகிறவர் போலத்தான் சொன்னார். அவர் கண் இன்னும் வரைபடத்தில்தான் இருந்தது. "ஆனா என்ன டிராயிங்! யார் போட்டது? இது இங்கயே இருக்கட்டும்."

ஜூலை முப்பத்தொன்றாம் தேதி ஜெகதீசன் அட்டையை கேட்டில் கொடுத்தார். மற்ற நாலு பழைய அட்டைகளையும் கொடுத்தார். வாட்ச்மேன் அவை எதற்கு என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி சிம்ரன் போன் செய்தாள்.

"அங்கிள், பழைய யூனிஃபார்ம் வச்சிருக்கீங்களா?"

"கீதும்மா. ஏன்?"

ஒரகடத்தில் முதல் சுதந்திர தினம். மறுபடியும் மனிதக் கொடி. அங்கே புது கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல் நிற யூனிஃபார்ம். சக்கரத்துக்கு ஆகாது. பழைய ஆட்கள் நாற்பத்தொன்பது பேர் நீலத்தோடு வந்தால் ஒரு நாள் கூலி, பிரியாணி, போக வர பஸ்.

"எல்லாருக்கும் சொல்லிடுங்க அங்கிள். நல்லாத் துவைச்சிட்டுப் போட்டுட்டு வரச் சொன்னாரு சார்." குரலைத் தாழ்த்தி, "உங்க இஷ்டம் அங்கிள்," என்றாள்.

"போட்டோ எடுப்பாங்களாம்மா?"

"ட்ரோன்லயே எடுக்கறாங்க. ரொம்பத் தெளிவா வருமாம்."

*

விடியற்காலை பாடி மேம்பாலத்துக்குக் கீழே பஸ் நின்றது. நாற்பத்து மூன்று பேர் வந்துவிட்டார்கள். மீதிக்கு வழியில் நீலச் சட்டை போட்டவர்களாகப் பார்த்து ஏற்றிக்கொண்டார்கள். அதில் ஒருவர் எந்தக் கம்பெனி என்றே தெரியாமல், பூந்தமல்லியில் இறங்க வேண்டும் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். கோவிந்தன் இளைத்துப் போயிருந்தார். சர்க்கரை. அச்சுக்கு இனி உதவமாட்டார் என்று பால்ராஜ் சொன்னதற்கு, "உள்ள ரெண்டு சட்ட போட்டுகினு கீறேன்டா," என்றார்.

ஒரகடத்தில் சிமெண்ட் முற்றம். சுண்ணாம்புக் கோடுகள் போட்டிருந்தார்கள். ஓர் இளம் எஞ்சினியர் கையில் உலகநாதனின் வரைபடத்தின் நகல். ஜெகதீசன் எட்டிப் பார்த்தார். ஜெயராமனின் மாமியார்கூட அதே கட்டத்தில் இருந்தார். சக்கரத்துப் பெயர்களை நன்றாக அழித்துவிட்டு, சுத்தமாக நகல் எடுத்திருந்தார்கள். இருபத்து நாலு கோடும் பளிச்சென்று இருந்தன.

"நீங்க எந்த இடம்னு நான் சொல்றேன், வெயிட் பண்ணுங்க," என்றார் எஞ்சினியர்.

அவர் சொல்வதற்குள் அவரவர் போய் நின்றுவிட்டார்கள். எல்லம்மா பதிமூன்றில் வெளி இடத்தில் நின்று, இடுப்பில் கை வைத்துச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். பதினெட்டில் உள் இடம் காலியாக இருந்தது. பூந்தமல்லிக்காரரை அங்கே நிறுத்தினார்கள்.

மேடையில் தியாகம், அமைதி, செழிப்பு முடிந்தது. குனியச் சொன்னார்கள். நாற்பத்தெட்டு முதுகும் ஒன்றாகக் குனிந்தன. சுண்ணாம்பு வாடை. மேலே ட்ரோன் தேனீ மாதிரி இரைந்துகொண்டு வந்து நின்றது.

"நேத்து ராத்திரி வெறும் ரசந்தான் மச்சான்," என்றார் முன்னாலிருந்து பால்ராஜ். "பயப்படாத."

ஜெகதீசன் சிரிக்கவில்லை. தலையிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு இடுப்பை வளைத்தபடியே கழுத்தை மட்டும் திருப்பி, முகத்தை மேலே தூக்கினார். கண் கூசியது. மூடவில்லை.

மைக்கில் குரல் வந்தது. "சக்கரத்துல ஒருத்தர் மேல பாக்கறார். முகம் தெரியுது. தயவுசெய்து குனிங்க."

அவர் அப்படியே இருந்தார்.

"ஏழாவது ஸ்போக். வெளி ஆள். சார், குனிங்க சார். முகம் தெரியுது."

"டேய், உன்னத்தான்டா," என்றார் பால்ராஜ், தரையைப் பார்த்தபடி.

"தெரியுதுன்னு சொல்றாங்க இல்ல," என்றார் ஜெகதீசன். "உடு."

இருபது நிமிடமும் அவர் முகத்தைத் தாழ்த்தவில்லை.

திரும்பும்போது பஸ் பூந்தமல்லி நெரிசலில் நின்றது. அந்தப் பூந்தமல்லிக்காரர் பிரியாணிப் பொட்டலத்தோடு நன்றி சொல்லி இறங்கினார். சிம்ரன் அனுப்பிய படம் பால்ராஜின் போனுக்கு அப்போதுதான் வந்தது. பஸ் முழுக்க எழுந்து வந்து எட்டிப் பார்த்தது. காவி, வெள்ளை, பச்சை, நடுவில் சக்கரம். கோணல் இல்லை, பிசகு இல்லை. கோவிந்தன் தன்னைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

ஜெகதீசன் போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தை விரித்தார். உச்சியிலிருந்து வலது கைப் பக்கமாக எண்ணிக்கொண்டே வந்தார். ஐந்து. ஆறு. ஏழு. பால்ராஜின் முதுகு இருந்தது. தோளில் அவர் மனைவி போட்ட ஒட்டுகூடத் தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பின்னால் முகம் இருக்க வேண்டிய இடத்தில் நீலம் பூசியிருந்தது. சுற்றி இருந்த முதுகெல்லாம் துவைத்து வெளுத்த நீலம். இந்த இடத்தில் மட்டும் ஒரு முறைகூடத் துவைக்காத நீலம்.